பத்து விநாடி

போன் கேமராவின் ரிமோட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு மகளுக்கு வலப்பக்கம் நின்றான்.

அழுத்தினான்.

எதிரே மேசை மேல், நிமிர்த்தி வைத்த இஸ்திரிப் பெட்டியில் சாய்ந்திருந்த போன் ஒரு முறை கிளுக்கென்றது.

போய்ப் பார்த்தான். இரண்டு பேரும் தெளிவாக விழுந்திருந்தார்கள். ஜெரூஷா கேமராவைப் பார்த்திருந்தாள். அவனும் கேமராவைப் பார்த்திருந்தான். அவன் கட்டிவிட்ட ரிப்பன் மட்டும் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

அனுப்பலாம்.

காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் சபைச் செயலரின் வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. நூற்றாண்டு மலர் அச்சுக்குப் போகிறது. குடும்பத்துக்கு ஒரு படம், கீழே பெயர்கள். இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும்.

"தம்பி, புதுசா எடுத்துத் தாறியளா? இல்லன்னா போன கிறிஸ்மஸ் படம் எங்கிட்ட கெடக்கு. பெனிட்டாவும் இருக்கா அதுல. அதையே போட்டிருவோம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் தணிந்தது.

மூன்று முறை கேட்டான்.

அவன் மனைவி பெனிட்டா ஏப்ரலில் இறந்தாள். மலரில் மூன்று பெயரா, இரண்டு பெயரா என்று இன்று சொல்லியாக வேண்டும்.

மதியம் பழைய படங்களை எல்லாம் பார்த்தான்.

எல்லாம் டைமரில் எடுத்தவை. அவளுக்கு அதுதான் பிடிக்கும். பத்து விநாடி வைத்துவிட்டு ஓடி வருவாள். மேசையிலிருந்து சுவர்வரை ஆறு எட்டு வைத்தால் போதும். பத்து விநாடி தாராளம். ஆனால் வழியில் திரைச்சீலையை இழுத்துவிடுவாள். பிள்ளையின் ரிப்பனைச் சரிசெய்வாள். அவன் காலரை மடித்துவிடுவாள். தன் இடத்துக்கு வருவதற்குள் போன் கிளுக்கென்றுவிடும்.

ஐந்து கிறிஸ்மஸ். எதிலும் அவள் முகம் நிலையாக இல்லை. பாதித் தோள். பறக்கிற பின்னல். ஒன்றில் துப்பட்டா மட்டும்.

எதிலும் ஜெரூஷா கேமராவைப் பார்க்கவில்லை. ஓடி வருகிறவளைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அவனும் அப்படித்தான். அதை இன்றுதான் கவனித்தான்.

ரிமோட் பிப்ரவரியில் வாங்கியது. அப்போது கட்டிலிலிருந்து கதவுவரை நடக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது. இனி ஓட வேண்டாம் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி அழுத்தினாள். ஒரே ஒரு படம். நேராகப் பார்த்தாள். முகம் நன்றாக விழுந்தது.

சுவரில் மாட்டியிருப்பது அதுதான். ஸ்டுடியோக்காரர் தோளோடு வெட்டி எடுத்துக் கொடுத்தார். ரிமோட்டை மூடிய கை சட்டத்துக்குள் வரவில்லை.

போனை ஜெரூஷாவிடம் காட்டினான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாம யாரப் பாத்துட்டு நிக்கோம்ப்பா?"

"கேமராவ."

தலையை ஆட்டினாள். அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

ரிமோட்டை நீட்டினான். அழுத்திப் பார்க்க ஆசை போலும் என்று நினைத்தான். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அது வேண்டாம். ஓடி வாங்க."

"யாரு, நானா?"

"பின்ன? ஆனா நீங்க லேட்டாத்தான் வருவிய. தொப்ப இருக்குல்லா."

ரிமோட்டை மேசையில் வைத்தான். டைமரில் மூன்று, ஐந்து, பத்து என்று இருந்தது. பத்தைத் தொட்டான்.

போனின் விளக்கு மின்னத் தொடங்கியது.

"வாங்க வாங்க வாங்க!"

அவள் குதித்தாள். அவன் ஓடினான். பாதி வழியில் ரிப்பன் கண்ணில் பட்டது. நின்று, குனிந்து, இழுத்துக் கட்டினான். இந்த முறை நேராக வந்தது.

நிமிர்ந்து, வலப்பக்கம் போய் நின்றான்.

"அங்க இல்லப்பா. ஓடி வர்றவங்க இந்தப் பக்கம்."

விளக்கு வேகமாக மின்னியது.

அவள் பின்னால் புகுந்து இடப்பக்கம் ஓடினான்.

கிளுக்.

படத்தில் ஜெரூஷா இருந்தாள். கழுத்தைத் திருப்பி, அண்ணாந்து, முன்பல் விழுந்த இடம் தெரியச் சிரித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் ஒரு சட்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் இழுப்பு. இரண்டு இடங்களுக்கும் நடுவில் விழுந்திருந்தான்.

"சொன்னம்லா," என்றாள்.

அதை அனுப்பினான். கீழே இரண்டு பெயர்கள் எழுதினான்.

சற்று நேரத்தில் செயலர் பேசி அனுப்பியிருந்தார்.

"தம்பி, பிள்ள ராசாத்தி மாதிரி விழுந்திருக்கா. ஒங்க மொகந்தான் கலங்கிப் போச்சு. தெளிவா வேற ஒண்ணு இருக்கா?"

முதலில் எடுத்த படத்தைத் திறந்து பார்த்தான். மூடினான்.

இல்லை என்று எழுதினான்.