அஞ்சு வாட்டு யோசனை

"அக்கா, மீன் தொட்டிக்கு எந்த லைட்டு வாங்கலாம்? விலையும் கம்மியா இருக்கணும், உள்ள வைக்கப்போற செடியும் சாகக் கூடாது. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

கீழ் வீட்டு இளையவள் மாடிப்படியில் நின்றபடி கேட்டாள். மேல் வீட்டு மூத்தவளுக்குச் சுருக்கென்றது. அண்ணன் பொண்டாட்டியும் தம்பி பொண்டாட்டியும். ஒரே வீடு, ரெண்டு அடுப்பு.

இத்தனை நாளும் அந்த வீட்டில் மீன் தொட்டி என்றால் மாடியில் இருப்பதுதான். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று வாயைப் பிளப்பார்கள். இப்போது இவளும் ஒன்று வாங்கிவிட்டாள்.

அதுகூடப் போகட்டும். தெருமுனைக் குழந்தை டாக்டர், நோயாளிகள் உட்காருகிற இடத்தில் பெரிய தொட்டி வைக்கப் போகிறார். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாசச் சம்பளம். "ரெண்டு பேர் தொட்டியையும் பார்த்துட்டு ஒருத்தரை வச்சுக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

மூத்தவளுக்கு அந்த வேலை வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஹேர்பின் வாங்கக்கூடப் புருஷன் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

"இதுக்குப் போய் எதுக்குடி செலவு?" என்றாள், குரலில் தேன் தடவி. "பாத்ரூமுக்குப் போடுவோமே அஞ்சு வாட்டு பல்பு, அது போதும். ஒரு மேசை விளக்குல மாட்டி மேல வச்சுடு."

"செடிக்கு அது பத்துமாக்கா?"

"பத்தாம என்ன? அது என்ன பரீட்சைக்கா படிக்கப் போகுது?"

இளையவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அந்த வெளிச்சத்தில் செடி அழுகிப்போகும் என்று மூத்தவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அதோடு விட்டாளா? புருஷனை நச்சரித்து, கடையிலேயே விலை கூடின லைட்டை வாங்கித் தன் தொட்டிக்கு மாட்டினாள். கண் விழித்ததும் போட்டால், படுக்கப் போகும்போதுதான் அணைப்பாள்.

"உள்ள ஏதாவது மேட்ச் நடக்குதா?" என்றார் புருஷன்.

"உங்களுக்கு என்ன தெரியும்? பேசாம இருங்க."

கொஞ்ச நாளில் இலைமேலெல்லாம் பாசி படிந்தது. தண்ணீர், பச்சைச் சாயத்தைக் கரைத்துவிட்ட மாதிரி ஆனது. மாடிக்கு ஏறி வரவேண்டிய செருப்புச் சத்தமெல்லாம் கீழேயே நின்றுபோனது.

ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மூத்தவள் கீழே போனாள்.

இளையவள் தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. தடித்தடியாகக் கரும்பச்சை இலைகள். மீன்கள் அதற்குள் புகுந்து புறப்பட்டு ஒளிந்து விளையாடின.

"என்ன லைட்டுடி இது?"

"நீங்க சொன்னதுதான்க்கா. பல்பு அதேதான், செடியைத்தான்..."

"யாருக்குடி காது குத்தற?"

விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். அதே அஞ்சு வாட்டு. அப்பவும் நம்பவில்லை. தான் சொன்ன பொய், மெய்யாகி எதிரில் வந்து நின்றால் யார்தான் நம்புவார்கள்?

"உங்க தொட்டியில பாசி கட்டுதுன்னு உங்க வீட்டுக்காரரு சொன்னாரு. லைட்டைக் கொஞ்ச நேரம் அணைச்சு வச்சுப் பாருங்களேன்க்கா."

'ஓகோ, என் செடியைச் சாகடிக்க வழி சொல்றாளா?' தன் புத்தி மாதிரிதானே அடுத்தவள் புத்தியும் இருக்கும்! மாடிக்குப் போனவள், இன்னொரு லைட்டையும் வாங்கி மாட்டிவிட்டாள்.

டாக்டர் வந்தார். மாடித் தொட்டியைக் குனிந்து பார்த்து, "இதுல மீன் இருக்கா?" என்றார். கீழே போனார். போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மூத்தவள் சமையலறையில் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். அழுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

இளையவள் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள்.

"அக்கா, வேலை நமக்குத்தான்!"

"நமக்கா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து செய்றோம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். சம்பளத்துல பாதி உங்களுக்கு. உங்களைப் பார்த்துத்தானே எனக்குத் தொட்டி வைக்கவே ஆசை வந்துச்சு? இந்த லைட்டு யோசனையும் உங்களதுதான்னு சொன்னேன். செலவில்லாத யோசனைன்னு அவருக்கு ஒரே சந்தோஷம்."

மூத்தவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பாவம், வெகுளி. இவளுக்கு ஒன்றுமே தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன் பார்த்தியா? பெரியவங்க பேச்சைக் கேட்டா என்னைக்கும் கெட்டுப்போக மாட்டே."

"ஆமாக்கா. பல்பை வாங்கிட்டு, செடி வாங்கப் போனேன். 'இந்த வெளிச்சத்துல செடி அழுகிடுமேம்மா, உங்க அக்காவுக்கு நல்லாத் தெரியுமே, நான்தானே அவங்களுக்குச் சொன்னேன்'னாரு கடைக்காரர். வேற லைட்டு வாங்கக் கையில காசு இல்ல. அதான் நிழல்ல வளர்ற செடியாப் பார்த்து வாங்கிட்டு வந்துட்டேன்."

கத்தி பாதி வெங்காயத்தில் அப்படியே நின்றது.

இளையவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையிலிருந்து கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில ரெடியா இருங்க, சேர்ந்தே போலாம். கடைக்காரர் சொன்னதை மட்டும் நான் டாக்டர்கிட்ட சொல்லலக்கா."