பதினேழாம் நம்பர் குழாய்

பதினேழாம் நம்பர் குழாயில் மட்டும், ரத்தத்திலிருந்து பிரிந்த நீர் பால் கலந்தது போல் வெளுத்துக் கிடந்தது. மற்ற முப்பத்தொன்பது குழாய்களிலும் ஒரு குறையில்லை, நல்லெண்ணெய்த் தெளிவு.

ஹுமைத் பட்டியலைப் பார்த்தான். பதினேழு: ரஹ்மத்தும்மா, வயது ஐம்பத்திரண்டு. உம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்த மூத்த சகோதரி, அவனுடைய ராத்தா.

எண்பத்து நாலாம் வருஷத்து நோன்பு மாதம் அது. ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் அப்போலிப்போபுரோட்டீன் நம்மவர்களுக்கு எவ்வளவு இருந்தால் சரி, எவ்வளவுக்கு மேலே போனால் மாரடைப்புக்கு அச்சாரம் என்று கண்டறிய ஒரு டொக்டர் குழு பதுளைக்கு வந்திருந்தது. வெள்ளைக்காரன் புத்தகத்து அளவு வெள்ளைக்காரனுக்குத்தானே பொருந்தும். நோய் நொடி இல்லாதவர்கள், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாதவர்கள், இவர்களுடைய ரத்தம் மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும்.

"நோம்பு மாசம் சேர். பின்னேரம் வந்தா கடைத்தெருவே வெறும் வயித்தோடதான் ஈக்கும்" என்று யோசனை சொன்னவன் லேப் உதவியாளனான ஹுமைத்தான். முந்தின நாள் பின்னேரம் ராத்தாவையும் பெருமையோடு கூட்டி வந்தான். படிவத்தில் 'நோய் இல்லை', 'சாப்பிடவில்லை' என்று அவளைக் கேட்காமலே அவனே மளமளவென்று எழுதியும் கொடுத்தான்.

டொக்டர் அந்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு வந்திருந்தா இப்படி வரும். பயமில்ல, கொட்டிட்டுப் போகலாம். சாப்பிடாமலே இப்படி இருந்தாத்தான் ஆபத்து. போய்க் கேட்டுட்டு வாங்க."

கேட்க என்ன இருக்கிறது? சூரியன் மேற்கே உதித்தாலும் ராத்தா நோன்பை விடமாட்டாள். அப்படியென்றால் இது நோய்தான். வாப்பா நாற்பத்தாறு வயதில் கடைக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. பெருநாள் கழிந்து பத்தாம் நாள் அவனுக்குச் சவூதி ஆஸ்பத்திரி வேலைக்குப் பயணம். ராத்தாவை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படி விமானம் ஏறுவான்?

வீட்டுக்குள் நுழைந்தபோது ராத்தா குசினியில் அரிசி அளந்துகொண்டிருந்தாள். இந்த நோன்பு தொடங்கிய நாளிலிருந்து, கீழ்த்தெரு விதவை ஸல்மாவுக்குத் தினமும் ஒரு கொத்து அரிசி போகிறது. ராத்தாவுக்கு எப்போதுமே தாராளமான கை.

"ராத்தா, நேத்து பகல் ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"நோம்பு மாசத்துல கேக்கிற கேள்வியாடா இது?"

"அப்ப உங்களுக்குப் பெரிய வருத்தம் ஈக்கி. வாப்பாவுக்கு வந்த அதே வருத்தம்." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. "நான் சவூதிக்குப் போகல்ல. இண்டைக்கே டிக்கட்டைத் திருப்பிக் குடுத்துடறேன்."

அளந்துகொண்டிருந்த கை நின்றது. தம்பியின் இந்தப் பயணத்துக்காக எத்தனை நேர்ச்சை வைத்தவள் அவள்.

"சாப்பிட்டேன்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "பகல் ரெண்டு மணிக்கு. சோறும், தேங்காய்ப்பால் ஊத்தின கிழங்குக் கறியும்."

"சத்தியமா?"

"அல்லாஹ் மேல ஆணையா."

ஹுமைத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டில் ஒருவர் நோன்பை விட்டார் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவன் பதுளையிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். பசி தாங்காமல் சாப்பிட்டிருக்கிறாள், அவ்வளவுதான். குழாயைக் கொட்டிவிடலாம். டிக்கட்டும் பத்திரம்.

"அதுக்கேன் ராத்தா இப்படி முகத்தத் தொங்கப் போடுறீங்க? பெருநாள் முடிய அந்த ஒரு நோம்பத் திருப்பிப் புடிச்சிட்டா சரிதானே."

ரஹ்மத்தும்மா பலகையில் மெல்ல உட்கார்ந்தாள். எதை மறைத்தாலும் மறைப்பாள். நோன்புக் கணக்கில் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வராது.

"ஒண்டில்ல தம்பி. விட்ட நோம்புக்கு ஈடாத்தான் ஸல்மாவுக்கு அரிசி போகுது. முப்பதையும் விடச் சொல்லிட்டாரு, நெஞ்சு வருத்தம் பாக்கிற டொக்டர்."