உலுருவுக்கு ஒரு செம்பு பால்

"சந்தேகமே வேண்டாம் பத்மா, அது சுயம்பு லிங்கம்தான்" என்றார் வெங்கட்ராமன்.

லேப்டாப் திரையில், ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்கு நடுவே உலுரு பாறை செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்தது. பத்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சிட்னியின் புறநகரான கெல்லிவில்லில் அந்த வீட்டில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. ஜூன் மாத லாங் வீக்கெண்டுக்கு சிட்னியிலிருந்து விமானம், அங்கே மூன்று நாள். மகள் தாரிணி அடுத்த மாதம் பெர்த்தில் வேலைக்குச் சேருகிறாள். அதற்குமுன் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பயணம் போய்விட வேண்டும் என்று வெங்கட்ராமனுக்கு அவ்வளவு ஆசை. காலையில் பல் தேய்க்கும்போதுகூட அந்த ஊர் வெயில் எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்மாவும் சளைத்தவள் இல்லை. ராத்திரிக் குளிருக்கு மங்கி குல்லா வாங்கியாயிற்று. புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் டப்பாவில் ஏறியாயிற்று. ரிசார்ட்டில் சாப்பாடு கிடைக்கும் என்று தாரிணி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வம்பு பாலில் ஆரம்பித்தது.

சூரியன் உதிக்கும் நேரத்தில் பாறையின் அடிவாரத்துக்குப் போய் ஒரு வெள்ளிச் செம்பு பாலால் அபிஷேகம், அப்புறம் விபூதி, வில்வம். இதுதான் வெங்கட்ராமனின் திட்டம். திருச்சியில் இருக்கும் அண்ணன் குடும்பம் மொத்தமும் வீடியோ காலில் தரிசனம் பண்ணுவதாக ஏற்பாடு. சூடத்தை விமானத்தில் விடமாட்டார்கள் என்பதால் பேட்டரியில் எரியும் விளக்குகூட வாங்கி வைத்துவிட்டார்.

தாரிணி அதைப் பார்த்ததும் சூட்கேஸ் அடுக்குவதை நிறுத்தினாள். அந்தப் பாறை அங்கிருக்கும் பூர்வகுடி மக்களுக்குப் புனிதமான இடம், சில பக்கங்களில் போட்டோகூட எடுக்கக் கூடாது, அங்கே போய்ப் பால் ஊற்றுவதெல்லாம் சரியில்லை என்றாள்.

"புனிதம்னுதானேம்மா பால் ஊத்தறேன்? நான் என்ன அது மேல ஏறறேன்னா சொன்னேன்? கையெடுத்துக் கும்பிடறதுல என்ன தப்பு?"

"கும்பிடுங்கப்பா. பாலு, விபூதி எல்லாம் வேண்டாம்."

"பக்தி இருந்தாப் போதும். சாமி கோவிச்சுக்காது."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வரலை."

சிட்னியில் வளர்ந்த பெண், சாமியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று வெங்கட்ராமன் முணுமுணுத்தார். அது அவள் காதில் விழவேண்டும் என்றுதான் முணுமுணுத்தார். அதன்பிறகு அப்பாவும் மகளும் பத்மா மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். இப்படியே இரண்டு நாள் ஓடி, விடிந்தால் விமானம். தாரிணியின் சூட்கேஸ் பாதி நிரம்பியபடி ஹாலிலேயே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பத்மாவுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜேனட் சாவி வாங்கிக்கொள்ள வந்தாள். இவர்கள் ஊரில் இல்லாதபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் தபாலை எடுத்து வைப்பதும் அவள்தான். தங்கமான மனுஷி. பத்மா கொடுக்கும் கொழுக்கட்டைக்கு ஜென்ம அடிமை.

சாவியை வாங்கிக்கொண்டு அவள் கிளம்பவில்லை. பூஜை அறையை எட்டிப் பார்த்தாள். பிள்ளையாருக்கு தினமும் ஏதாவது வைத்துவிட்டுத்தானே நீங்கள் சாப்பிடுகிறீர்கள், மூன்று நாள் அவர் பட்டினி கிடப்பாரே என்று நிஜமாகவே கவலைப்பட்டாள்.

பத்மா நெகிழ்ந்துபோய், ஒரு வாழைப்பழம் வைத்தால் போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஜேனட்டே ஒரு யோசனை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் ஆட்டுக்கறி ரோஸ்ட். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் வந்தால் அதைத்தான் செய்வார்களாம். அதில் முதல் துண்டை வெட்டி, சூடாகக் கொண்டுவந்து பிள்ளையார் முன்னால் வைக்கட்டுமா என்று கேட்டாள்.

பத்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். தாரிணி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

வெங்கட்ராமனுக்கு ஜிவ்வென்று ஏறியது. சிரித்த முகம்தான், ஆனால் குரல் கறாராக வந்தது.

"ரொம்ப சந்தோஷம் ஜேனட். உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா நல்ல மனசு மட்டும் இருந்தாப் போதாது. எங்க சாமிக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு எங்களுக்குத்தானே தெரியும்?"

ஜேனட் கொஞ்சமும் முகம் வாடவில்லை.

"ஆமா. அதனாலதான் நானா எதுவும் செய்யாம, முதல்ல உங்களைக் கேட்டேன்."

வாழைப்பழமே போதும் என்று பத்மா சொல்ல, அவள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, பயணத்துக்கு வாழ்த்துச் சொல்லிப் போய்விட்டாள்.

வெங்கட்ராமன் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பினார். ரெண்டு நாளில் முதல் தடவையாக மகளிடம் நேராகப் பேசினார்.

"தாரிணி, நாம அங்க யாரைக் கேக்கணும்மா?"