மேடை உயரம்

"இன்னா மாமா, இது சமையல் மேடையா, சாமி பீடமா?"

தியாகதுருகத்திலிருந்து பஸ் பிடித்து வந்த களைப்புகூட லட்சுமியம்மாளுக்கு ஆறவில்லை. அக்கா ஆயம்மாளின் புதுச் சமையலறையைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

கரும்பு வெட்டி முடிந்த கையோடு பழைய அடுப்படியை இடித்துக் கட்டியிருந்தார்கள். இன்றைக்குப் பால் காய்ச்சுகிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து இறக்கிய கறுப்பு கிரானைட், வழுக்காத தரை, சிலிண்டரைக்கூட வெளியே வைத்து சுவர் வழியாகக் குழாய். எல்லாம் ஜோர்தான். மேடை மட்டும் அக்காவின் நெஞ்சுக்கு வந்து நின்றது. அக்கா நல்ல குள்ளம்.

"மேஸ்திரி அளவைத் தப்பா எடுத்துட்டாரா?"

"இல்லம்மா, நான் சொன்ன அளவுதான்" என்றார் அக்காவின் புருஷன் பாவாடை. நெடுநெடுவென்று வளர்ந்த மனுஷர். பேச்சு மட்டும் கம்மி.

"எங்கக்கா உசரம் உங்களுக்குத் தெரியாதா? கொதிக்கிற ஒலைய இவ்ளோ ஒசரத்துலேருந்து எப்பிடி எறக்குவா? மேல கொட்டிக்கினா இன்னா ஆவறது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வெந்நி வெக்கத் தெரியாத ஆம்பளைங்ககிட்ட மேடை அளவு கேட்டா இப்பிடித்தான்" என்று முணுமுணுத்தாள் லட்சுமியம்மாள்.

"வுடுடி, நல்ல நாளும் அதுவுமா" என்ற ஆயம்மாள் ஒரு பலகையை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். அடுப்பை நோக்கிக் கை நீட்டினாள். பலகை ஆடியது. விழப்போனவள் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் லட்சுமியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் சூட்டுத் தழும்பு.

"இன்னாக்கா இது?"

"எண்ணெ தெறிச்சிது."

"இது?"

"அதுவும் எண்ணெதான்."

அதற்குள் பாவாடை வந்து ஆயம்மாளைத் தோளைப் பிடித்து இறக்கினார். பலகையைத் தூக்கித் தோட்டத்துப் பக்கம் வீசினார்.

"இனிமே இதும்மேல ஏறாத. சொல்லிட்டேன்."

லட்சுமியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எட்டவும் எட்டாது, ஏறவும் கூடாது. அப்ப எங்கக்கா எப்பிடித்தான் சமைக்கறது? அவ கைய என்னிக்காவது பாத்தீங்களா மாமா நீங்க?"

பாவாடை அடுப்பைப் பற்றவைத்தார். பாலை அவரே ஊற்றினார்.

"பாத்தேம்மா. சர்க்கரையால அவ வெரலு மரத்துப்போச்சி. சட்டி சுடறதே அவளுக்குத் தெரியல. உங்கிட்டயும் எண்ணென்றா, எங்கிட்டயும் எண்ணென்றா."

ஆயம்மாள் திடுக்கிட்டாள். "உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? கொப்புளம் ஒடஞ்சி நான் மருந்து போடறப்ப, ஒரு தபா கூட நீ எரியுதுன்னு சொல்லலியே."

"சொன்னா அடுப்பாண்ட வுட மாட்டீங்களேன்னுதான்..." என்று இழுத்தாள் ஆயம்மாள்.

லட்சுமியம்மாள் அக்காவின் கையை எடுத்துத் தழும்புகளைத் தடவிப் பார்த்தாள்.

பால் பொங்கியது. பாவாடை துணியை மடித்து, பக்குவமாய்ப் பிடித்து, பாத்திரத்தை இறக்கி வைத்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்துக் கூச்சமாய்ச் சிரித்தார்.

"மேடைய என் இடுப்புக்குத்தான் அளந்து கட்டச் சொன்னேன். இனிமே நான் சமைக்கறேன். உப்பு காரம் எவ்ளோன்னு பக்கத்துல இருந்து நீ சொல்லு."