கண்ணாடி போட்ட கிணறு

ஒரு பெரிய வீட்டின் முற்றத்துக் கிணற்றில் ஆமை ஒன்று வாழ்ந்து வந்தது. தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று அதை உள்ளே விட்டவள் அந்த வீட்டுச் சிறுமி உமையாள். தினமும் எட்டிப் பார்த்து, "டேய் குண்டா, சாப்பிட்டியா?" என்று கேட்பாள்.

பிறகு வீடு கைமாறியது, குடும்பமே ஊரைவிட்டுப் போனது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீட்டை வாங்கியவர்கள் புதுப்பித்து, விருந்தினர் விடுதியாக்கினார்கள். கிணற்றைக் கண்ணாடி போட்டு மூடினார்கள். மேலே மறுபடி ஆள் நடமாட்டம் வந்தது. குண்டனைக் கூப்பிடத்தான் யாருமில்லை.

ஒருநாள் ஒரு குரல் கேட்டது. "இதுக்குள்ள ஒரு ஆமை இருந்துச்சே?"

"அது அப்பவே செத்திருக்கும் ஆச்சி," என்றார் விடுதி மேலாளர்.

ஆமைக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. பதறியடித்து நீந்தி மேலே வந்து தலையை நீட்டியது. தலை நரைத்த உமையாள் குனிந்து பார்த்தாள். வெயில் பட்டு மின்னிய கண்ணாடியில் அவளுக்குத் தன் முகம்தான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

"யாரு அது?" என்றது கிணற்றுக்குள் கூட இருந்த தவளை.

"இந்த வீட்டுப் பொண்ணு," என்றது ஆமை. "ரூம் எடுத்துத் தங்க வந்திருக்கா."