ஜாஹிரா பிடித்த விரல்

"சொல்லுடி கண்ணு, யாரு உன்ன வூட்டாண்ட வுட்டது?"

மெஹ்ருன்னிசா மகளை உலுக்கினாள். நான்கு வயது ஜாஹிராவுக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷத்துத் தீபத் திருநாள் அது. தேரடி வீதியில் ஜன வெள்ளம். வளையல் கடை போட்டிருந்த தாயின் முந்தானையை விட்டுக் குழந்தை நழுவியது மத்தியானம். "அவளே வந்தாலும் வருவா, வூட்ல ஆள் வேணும், நீ போ" என்று மனைவியை அனுப்பிவிட்டு ஜியாவுல்லா இன்னும் வெளியே தேடிக்கொண்டிருந்தான். அவளோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தாள். மலையில் தீபம் ஏறி, ஊரெங்கும் வேட்டுச் சத்தம் கிளம்பிய நேரம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் வாசற்படியில் ஜாஹிரா! சந்தில் ஈ காக்கை இல்லை.

"ஒரு மாமா, அம்மி. அவரு கட்ட விரல புடிச்சினே நடந்தேன். அப்புறம் தோள்ல தூங்கிட்டேன்." குழந்தை கொட்டாவி விட்டது. "அந்த விரல்ல எலும்பே இல்ல. மெத்துமெத்துனு இருந்துச்சு."

மெஹ்ருன்னிசாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

எலும்பில்லாத கட்டை விரல் யாருடையது என்று அவர்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிள்ர் நபி! சாகாத் தண்ணீர் குடித்தவர். வழி தவறியவர்களைக் கரை சேர்க்கப் பச்சை உடுப்பில் இன்றும் உலவுகிறவர். கை குலுக்கும்போது எதிராளியின் கட்டை விரலை லேசாக அமுக்கிப் பார்க்கும் வழக்கமே அவருக்காகத்தான்.

"வாசல் வரைக்கும் வந்தாரு. ஒரு சலாம் சொல்லக்கூட எனக்குக் குடுத்து வெக்கலியே!" என்று அழுதாள்.

"எவனோ ஒரு நல்ல மனுஷன்" என்று அப்புறம் வீடு திரும்பிய ஜியாவுல்லா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பத்து நாள் கழித்து, செங்கம் ரோட்டில் ஜாஹிரா கத்தினாள். "அம்மி, அந்த மாமா!"

கரும்புச் சாறு வண்டிக்காரர் அர்ஜுனன். குழந்தையைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வலது கட்டை விரல் மட்டும் துவண்டு தொங்கியது.

"போன வருஷம் மிஷின்ல மாட்டிக்கிச்சும்மா. எலும்ப எடுத்துட்டாங்க."

இவ்வளவுதானா? வந்தது நபி இல்லையா என்று மெஹ்ருன்னிசாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. பிள்ளையை மீட்டுத் தந்தவர் எதிரே நிற்க, இப்படி ஏங்குகிறோமே என்று உடனே வெட்கப்பட்டாள்.

"சாகுற வரைக்கும் மறக்க மாட்டேண்ணா. ஏன் ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டீங்க?"

"வண்டிய அப்படியே வுட்டுட்டு வந்தேம்மா. கதவ தட்டிட்டு ஓடிட்டேன்."

"எங்க வூடு எப்படித் தெரிஞ்சுது? இவளுக்குத் தெரு பேருகூட தெரியாதே."

"எனக்கு மட்டும் எங்கம்மா தெரியும்? பச்ச ஜிப்பா போட்ட பெரியவர் ஒருத்தரு, 'எம்பின்னால வா'ன்னு முன்னாடி நடந்தாரு. உங்க கதவ காட்டிட்டு, எங்கைய புடிச்சு கட்ட விரல அமுக்கிப் பாத்தாரு." அதை நினைத்து அர்ஜுனன் மறுபடியும் சிரித்தார். "'அட, உனக்கும் எலும்பு இல்லியா?'ன்னு கேட்டாரும்மா."