மடிக்கு வந்த பிள்ளை

கிகோமா ஏரித்துறைக்குப் போகும் மினிபஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஏறிய வேகத்தில் மவாஜுமா, இங்கே எல்லாத் தாய்மாரும் செய்வதுபோல, முகம்கூடப் பார்க்காமல் முதலில் தென்பட்ட மடியில் பிள்ளையை வைத்துவிட்டுப் பின்னால் நகர்கிறாள். அது, கப்பல் பிடிக்க முதுகுப்பையோடு போகும் வெள்ளைக்காரியின் மடி. "ஐயோ, யார் பிள்ளை இது?" அவள் அலறுகிறாள், பஸ்ஸே சிரிக்கிறது. "இப்போதைக்கு உன்னுதுதான் அக்கா, தலையைப் பிடி!" என்கிறான் கண்டக்டர். அவளுடைய பைவாரைப் பிடித்தபடி பிள்ளை தூங்கிப்போகிறது. ஜன்னல்வழி வரும் செம்புழுதி இருவர் மேலும் ஒரே நிறமாகப் படிகிறது. ஏரித்துறையில் பஸ் நிற்கிறது. கப்பல் சங்கு ஊதுகிறது. இதை விட்டால் அடுத்த கப்பல் அடுத்த வாரம்தான். "எறங்கு, எறங்கு!" என்று அவளை விரட்டுகிறான் கண்டக்டர். பிள்ளையை வாங்க மவாஜுமா பின்னாலிருந்து கைநீட்டுகிறாள். வெள்ளைக்காரி உதட்டில் விரல் வைக்கிறாள். "கத்தாதீங்க, இப்பதான் தூங்குது."